கணக்கு முடிச்சிட்டு வாங்கோ

பிள்ளை வெளிநாட்டுக்கு ஒரு செமஸ்ரர் படிக்கப் போகுது என்றால் எங்கள் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். மிளகாய்த்தூளை இரண்டு பையாகக் கட்டுவோம். அந்த ஊரில் எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம் என்று நாலு பேருக்குப் போன் அடிப்போம். கோயிலில் பெயர் நட்சத்திரம் சொல்லி ஓர் அர்ச்சனை. வழியனுப்ப இரண்டு கார் போகும். அதே பிள்ளை படிப்பை முடித்துத் திரும்பி வருகிற நேரம் வந்தால் நாங்கள் கேட்பது ஒரேயொரு கேள்விதான்: "ரிக்கெற் போட்டாச்சா?"

போன வருடம் அப்படி ஒரு பிள்ளை திரும்பிப் போன கடைசி மூன்று கிழமையையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெற்றோருக்குப் பிரயோசனமான சில சங்கதிகளை அதில் தெரிந்துகொண்டேன். எங்கள் குடும்பத்தின் பழைய கதை ஒன்றும் அதற்குள் வந்து சேர்ந்தது. இரண்டையும் எழுதுகிறேன்.

என் அண்ணா எட்டு வயதில் அம்மா அப்பாவோடு கொழும்பிலிருந்து லண்டன் வந்தவர். நான் இங்கேயே பிறந்தவள். அண்ணா கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்விட்டார். ரொறன்ரோவில், ஸ்காபரோவில் வீடு. அவருடைய மகள், என் மருமகள், அங்கே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். 2025 ஜனவரியில் ஒரு செமஸ்ரருக்கு லண்டன் வந்தாள். படித்தது மைல் எண்டில், குயின் மேரி பல்கலைக்கழகத்தில். ஒரு பக்கம் ரீஜன்ற்ஸ் கால்வாய், வளாகத்துக்கு நடுவிலேயே ஒரு பழைய யூத இடுகாடு. முதல் கிழமை அந்தக் கல்லறைகளைப் படம் எடுத்து அனுப்பி "மாமி, இதுக்குப் பக்கத்தாலதான் நான் வகுப்புக்குப் போறன்" என்றாள். என் அம்மா ஈஸ்ட்ஹாமில் இருக்கிறா. மைல் எண்டிலிருந்து டிஸ்ரிக்ற் லைனில் ஆறாவது நிலையம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பம்மா வீட்டுச் சோறு என்று ஒழுங்கு.

கனடாக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்கு விசா எடுக்கத் தேவையில்லை; விசிற்றராகவே வந்து படிக்கலாம். ஆனால் 2025 ஜனவரி 8 இலிருந்து இ.ரி.ஏ. என்ற முன் அனுமதி வேண்டும். இவள் எடுத்தபோது 10 பவுண்ட், அந்த ஏப்ரலிலேயே 16 ஆக்கிவிட்டார்கள். இப்படி வருகிற பிள்ளை இங்கே வேலை செய்யக்கூடாது. ஆறு மாதம் முடிய முன் வெளிக்கிட்டுவிட வேண்டும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு விசா கட்டாயம். மாணவர் விசாவில் வந்து, படிப்பு ஆறு மாதத்துக்குக் குறைவு என்றால், படிப்பு முடிந்தபின் பொதுவாக ஏழே ஏழு நாள்தான் மிச்சமாகக் கிடைக்கும். எங்கள் லண்டன் பிள்ளைகள் வெளியே போகும்போதும் இதே கணக்குத்தான். 2021 இல் ரூரிங் திட்டம் தொடங்கிய பிறகு பல நாடுகளுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி. அனுமதி முடிகிற திகதியைப் பிள்ளையை மட்டும் நம்பி விடாமல் நீங்களும் ஒருதரம் கண்ணால் பாருங்கோ.

இனி, முடிக்கிற வேலைக்கு வருவோம்.

முதலில் கடதாசிகள். மாற்றுத் திட்டத்தில் வந்த பிள்ளைக்கு இங்கே எடுத்த புள்ளிகள் அங்கே கணக்கில் ஏறினால்தான் அந்த அரை வருடம் உயிரோடு இருக்கும். அங்கே இருக்கிற துறை, "நீ லண்டனில் படிச்ச பாடத்தில என்ன இருந்தது?" என்று கேட்கும். அதற்குப் பாடத்திட்டம், வாசிப்புப் பட்டியல், எழுதிய கட்டுரைகள், திருத்தியவர் எழுதிய குறிப்புகள் எல்லாம் கையில் இருக்கவேண்டும். இவையெல்லாம் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்துக்குள் கிடக்கும். மாணவர் கணக்கை மூடிவிட்டால் உள்ளே போக ஏலாது. மருமகள் ஒரு சனிக்கிழமை முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து ஒவ்வொன்றாக இறக்கினாள். என் பன்னிரண்டு வயது மகள் பக்கத்தில் இருந்து கோப்புகளுக்குப் பெயர் போட்டாள்.

அடுத்தது புள்ளிகள். இதில் எங்கள் வீட்டில் ஒரு சின்னப் போரே நடந்தது. ஏப்ரலில் ஒரு கட்டுரைக்கு 64 வந்தது. அண்ணா உடனே எனக்கு வட்ஸ்அப்பில், "அறுபத்தி நாலா? இதுக்கே இவ்வளவு காசு கட்டி அனுப்பினது?" கனடாவில் 80 க்கு மேலே எடுத்தால்தான் 'ஏ'. இங்கே 70 எடுத்தாலே முதல் வகுப்பு. 60 இலிருந்து 69 மட்டும் மேல் இரண்டாம் வகுப்பு. 40 எடுத்தால் பாஸ். பல பாடங்களில் 80 ஐக் கண்ணால் காண்பதே அபூர்வம். 64 என்பது இங்கே நல்ல புள்ளி. நான் இதை விளங்கப்படுத்தியபிறகும் அண்ணா, "அது லண்டன் கணக்கு, இங்க ஆர் பாப்பினம்?" என்றார். பாக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம். வெளிநாட்டுப் புள்ளிகளை மாற்றிக் கணக்கெடுப்பதற்கு என்றே பல்கலைக்கழகங்களில் ஒரு முறை வைத்திருப்பார்கள், சில இடங்களில் பாஸ் என்பதை மட்டும்தான் பதிவார்கள். பிள்ளை புறப்பட முன்னமே அதைக் கேட்டு வைத்திருந்தால் ஏப்ரல் மாதத்தில் வீட்டில் சண்டை வராது.

மூன்றாவது அறை. கடைசிச் சோதனை மே 30, வெள்ளிக்கிழமை. அறைத் திறப்பைக் கொடுக்கவேண்டிய நாள் ஜூன் 6. விமானம் ஜூன் 8. நடுவில் இரண்டு இரவு அம்மா வீட்டில். உள்ளே வந்த நாளில் சுவரில் இருந்த கீறல், கதிரையில் இருந்த கறை எல்லாவற்றையும் அவள் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அது உதவியது. விடுதியில் இல்லாமல் வெளியே வீடு எடுத்து இருக்கிற பிள்ளை என்றால் இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் சாதாரண வாடகை ஒப்பந்தத்துக்குக் கட்டுகிற முற்பணத்தை, கட்டி 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் வீட்டுக்காரர் போட்டிருக்கவேண்டும். வெளிக்கிடுகிறபோது எவ்வளவு திரும்ப வரும் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் 10 நாளுக்குள் காசு வரவேண்டும். இதெல்லாம் நாட்டுக்குள் இருக்கும்போது கேட்டால் சுகம். கடல் தாண்டிய பிறகு ஈமெயிலில் கேட்டுக்கொண்டிருப்பது பெரும் பாடு.

சாமான்களில் பாதியை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு சூட்கேசுக்கு 23 கிலோ. மாணவர் விடுதிகளில் தவணை முடிவில் பிரிட்டிஷ் ஹார்ட் பவுண்டேசன் சேகரிப்புப் பெட்டிகள் வைப்பார்கள். நல்ல உடுப்பும் பாத்திரமும் அங்கே போயின. ஒய்ஸ்ரர் கார்டில் 10 பவுண்டுக்கு உட்பட்டு மிச்சம் இருந்தால் ரியூப் நிலைய மெசினிலேயே திரும்ப எடுக்கலாம். அவளுக்கு நாலு பவுண்ட் சொச்சம் கிடைத்தது, அதில் என் பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம். சோறு காய்ச்சுகிற குக்கர் மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. அம்மா வாங்கிக் கொடுத்தது. அதைப் பெட்டிக்குள் போட அவளுக்கு மனமில்லை.

பட்டியல் எல்லாவற்றிலும் கோடு போட்டாச்சு என்று நாங்கள் நினைத்த நாளில்தான் அம்மா வந்தா.

அம்மாவுக்கு இப்போது 73 வயது. "நானும் வாறன், உடுப்பு மடிச்சுத் தாறன்" என்று என்னோடு மைல் எண்டுக்கு வந்து, அந்தச் சின்ன அறையில் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு சட்டையாக மடித்தா. கொஞ்ச நேரம் போக, கேட்டா:

"பிள்ளை, இங்க ஆருக்கும் ஏதும் குடுக்கக் கிடக்கோ?"

மருமகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "இல்லை அப்பம்மா. எல்லாம் கார்டிலதானே" என்றாள்.

"காசை மட்டும் கேக்கேல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போறது ஆரிட்டையும் கிடக்கோ எண்டு கேக்கிறன்."

பிறகு அந்தக் கதையைச் சொன்னா. நான் சின்ன வயதிலிருந்து துண்டு துண்டாகக் கேட்ட கதை. மருமகளுக்குப் புதிது. அண்ணா வீட்டில் அதைக் கதைப்பதில்லை.

1983 இல் எங்கள் குடும்பம் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தது. முடக்கில் ஒரு சிங்களவரின் பலசரக்குக் கடை. அம்மா அவரை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவா. அரிசி, பருப்பு, தேங்காயெண்ணெய், அண்ணாவுக்குப் பால்மா எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, அப்பாவுக்குச் சம்பளம் வந்ததும் தீர்ப்பது. ஜூலை 25, திங்கட்கிழமை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். தெருவில் புகை கிளம்பத் தொடங்க, முதலாளி பின்பக்கத்தால் வந்து அம்மாவையும் அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போய், கடைக்குப் பின்னால் உள்ள அறையில் மாச் சாக்குகளுக்கு நடுவில் இருத்திவிட்டு, முன்னால் போய் நின்றிருக்கிறார். பின்னேரம் வரைக்கும். அப்பா எப்படியோ வந்து சேர்ந்தார். வீடு எரிந்துவிட்டது. அன்றிரவு ஒரு லொறியில் ஏற்றி இரத்மலானை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஹங்கருக்குள் ஆயிரக்கணக்கான சனம். அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. அடுத்த வருடம் லண்டன்.

"அந்த மாசக் கொப்பியில 214 ரூபா" என்றா அம்மா. "சம்பளத்துக்கு இன்னும் ஐஞ்சாறு நாள் கிடந்தது. குடுக்கேல்லை. லொறியில ஏறேக்க அந்த மனிசன் கடை வாசல்லதான் நிண்டவர். எனக்குப் பயத்தில வாயே வரேல்லை. போட்டு வாறன் எண்டுகூடச் சொல்லேல்லை."

2003 இல் சண்டை நின்றிருந்த காலத்தில் அம்மாவும் அப்பாவும் கொழும்புக்குப் போனார்கள். கடை இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். பக்கத்தில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியவில்லை. விசாரிக்கிறதுக்கு அம்மாவுக்கு அவருடைய பெயரே தெரியாது.

மருமகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் "அது உங்கட பிழை இல்லைத்தானே அப்பம்மா" என்றாள்.

"பிழை எண்டு ஆர் சொன்னது? எங்களுக்கு நேரம் தரேல்லை. உங்களுக்குத் திகதி போட்டுத் தந்திருக்கு. ஆறு மாதத்துக்கு முன்னமே தந்திருக்கு. கணக்கு முடிச்சிட்டு வாங்கோ."

அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ ஒன்று ஓடி வெளித்தது. எங்களைப்போல இரண்டாம் தலைமுறைக்காரர், அவசரமாக வெளிக்கிட்டு வந்தவர்களின் பிள்ளைகள். எங்களை வளர்த்தவர்களுக்குத் தப்பி வரத் தெரியும், வந்த இடத்தில் வேர் விடத் தெரியும். ஓர் ஊரை ஆறுதலாக, முறையாக விட்டு வருகிற வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அதை எங்களுக்குப் பழக்கவும் இல்லை. நாங்கள் வேலை மாறினால் ஒரு கேக், வீடு மாறினால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கை காட்டல், அவ்வளவுதான். இப்போது எங்கள் பிள்ளைகள் ஆறு மாதம் மட்ரிட்டில், நாலு மாதம் சிங்கப்பூரில் என்று போகிறார்கள். ரிக்கெற்றில் திரும்புகிற நாள் அச்சடித்திருக்கிறது. எங்கள் குடும்பங்களில் இப்படித் திகதி தெரிந்து, பயமில்லாமல் ஒரு நாட்டைவிட்டு வெளிக்கிடுகிற முதல் ஆட்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

அன்று பின்னேரம் மருமகள் ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் ஆறு பேரை எழுதினாள். விடுதியைத் துப்புரவாக்குகிற அம்மா. மைல் எண்ட் வீதியில் கடை வைத்திருக்கும் சிலெட்காரர். பச்சை மிளகாய் முடிகிற நாளில் இவளுக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பவர். ஒரு விரிவுரையாளர். நூலகத்தில் இரவுக் காவலுக்கு இருப்பவர். பக்கத்து அறை யப்பான் பிள்ளை. ஈஸ்ட்ஹாமில் அம்மா வீட்டு மாடியில் இருக்கும் அக்கா. பெப்ரவரியில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவ.

எழுதினாளே தவிரப் போகக் கால் வரவில்லை. "வெட்கமா இருக்கு மாமி. ஆறு மாசத்துக்குப் போய் என்னெண்டு சொல்றது? இன்ஸ்ராவில மெசேஜ் போடுறன்." துப்புரவு செய்கிற அம்மாவும் கடைக்காரரும் இன்ஸ்ராவில் இருக்கினமோ என்று கேட்டேன். சிரித்தாள்.

முதலில் போனது துப்புரவு செய்பவரிடம். "வெள்ளிக்கிழமை போறன்" என்று மட்டும்தான் சொன்னாளாம். அந்த அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஒருத்தரும் சொல்லுறதில்லை மகள். கட்டிலுக்குக் கீழ பீட்சாப் பெட்டி கிடந்தால்தான் ஆள் போயிட்டுது எண்டு எனக்குத் தெரியும்" என்றாராம். பிறகு பத்து நிமிடம் தன் பேரப்பிள்ளைகளின் படம் காட்டியிருக்கிறார். ஆறு மாதம் ஒவ்வொரு காலையும் கண்டவரின் ஊரும் பெயரும் அன்றைக்குத்தான் இவளுக்குத் தெரிந்தது.

விரிவுரையாளரிடம் போனதில் ஓர் உலக லாபமும் கிடைத்தது. மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தருவீர்களா என்று நேரே கேட்க முடிந்தது. அவர் ஒத்துக்கொண்டு, "உன் முகமும் கட்டுரையும் நினைவில இருக்கும்போதே கேட்டது நல்லது" என்றாராம். பெற்றோரே, இதைக் குறித்து வையுங்கோ. இரண்டு வருடம் கழித்து வருகிற ஈமெயிலை விடச் சோதனை முடிந்த கிழமையில் கதவைத் தட்டுகிற பிள்ளைக்குக் கடிதம் கெதியாகக் கிடைக்கும்.

லண்டனில் படித்து முடித்துத் திரும்பிப் போனவர்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருபவர் காந்தி. 1888 இல் பாரிஸ்டர் படிக்க வந்தவர். 1891 ஜூன் 10 இல் பட்டம், 11 இல் உயர் நீதிமன்றத்தில் பதிவு, 12 இல் கப்பல். மூன்றே நாளில் கடதாசி வேலை முடிந்தது. ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்தார். தன்னோடு பழகிய மரக்கறிச் சாப்பாட்டு நண்பர்களை ஹோல்பேர்ன் உணவகத்துக்கு அழைத்து விருந்து வைத்தார். பேச எழும்பி நின்றவருக்குத் தயாரித்து வந்த பேச்சு மறந்துபோய், வந்ததற்கு நன்றி என்ற அளவில் சொல்லிவிட்டு இருந்துவிட்டார் என்று தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு கூச்சமுள்ள 21 வயதுப் பிள்ளை, கூச்சத்தோடேயே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டது.

இதை மருமகளுக்குச் சொன்னேன். வியாழக்கிழமை இரவு விடுதிக் குசினியில் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சம்பலும் செய்தாள். பிட்டு அவித்தது அம்மா போனில் வீடியோவில் சொல்லச் சொல்ல. ஒன்பது பேர், ஐந்து நாட்டுப் பிள்ளைகள். பேசச் சொல்லிக் கேட்டபோது இவள் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு "சாப்பிட்டதுக்கு நன்றி" என்றாளாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். குக்கர் அன்றிரவு யப்பான் பிள்ளையிடம் போனது. அவளுக்கு இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்கிறது.

காந்தியின் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. அவர் லண்டனில் இருந்தபோதே தாயார் காலமாகிவிட்டார். அந்நிய ஊரில் அந்த அதிர்ச்சி வேண்டாம் என்று தமையன் அதை மறைத்துவிட்டார். அம்மாவைப் பார்க்கிற ஆசையோடு பம்பாயில் வந்து இறங்கியவருக்கு அங்கேதான் செய்தி தெரிந்தது. நூற்றுமுப்பது வருடத்துக்கு முந்திய கதை என்று தள்ள ஏலாது. எங்கள் வீடுகளில் இன்றைக்கும் நடக்கிறது.

எங்கள் வீட்டிலும் நடந்தது. ஏப்ரலில் மருமகளின் அம்மம்மா ஸ்காபரோ வீட்டில் விழுந்து, ஆஸ்பத்திரியில் இருந்து, மே மாதம் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டா. மருமகள் சின்ன வயதிலிருந்து படுத்தது அம்மம்மாவின் அறையில்தான். அண்ணா எனக்குச் சொல்லிவிட்டு, "சோதனை முடியட்டும், அவளுக்குச் சொல்லிப் போடாதை" என்றார். அதுவரைக்கும் நியாயம் இருந்தது. மே 30 இல் சோதனை முடிந்தது. அண்ணா அப்பவும் "இங்க வந்து பாக்கட்டும், நேரில சொல்லுவம்" என்றார்.

அம்மாதான் விடவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, "தம்பி, பிள்ளை சாமானெல்லாம் வாங்கி வைச்சிருக்கிறாள். அம்மம்மாவுக்கு எண்டு ஒரு கம்பளிச் சால்வை. அதைக் கொண்டு வந்து வெறுங் கட்டிலைப் பாக்கவோ? தான் எந்த வீட்டுக்குத் திரும்பிறன் எண்டு தெரிஞ்சு வரட்டும்" என்றா. அண்ணாவுக்கு 49 வயது. அம்மாவிடம் அவர் அப்படி ஏச்சு வாங்கிக் கன காலம்.

அடுத்த நாள் ஞாயிறு, ஜூன் 1. அண்ணா வீடியோவில் வந்து எல்லாவற்றையும் சொன்னார். மருமகள் அழுதாள். கோபமும் பட்டாள். "ஆறு கிழமையா எல்லாரும் நடிச்சனீங்களோ?" என்று என்னையும் பார்த்துக் கேட்டாள். நான் மறுத்துப் பேசவில்லை. இரண்டு நாள் அவ்வளவாகக் கதைக்கவில்லை. பிறகு தானாகவே அந்த இல்லத்துக்குப் போன் எடுத்து, பார்வையாளர் நேரம் என்ன, அம்மம்மா எந்த மாடி என்று கேட்டு எழுதிக்கொண்டாள். சால்வையை சூட்கேசில் இருந்து எடுத்து கைப்பையில் வைத்தாள். இறங்கினவுடன் நேரே அங்கே போவதற்கு.

ஊர் திரும்புகிற பிள்ளைக்கு வருகிற சோர்வைப் பற்றியும் கொஞ்சம். 1955 இல் லிஸ்கார்ட் என்ற நோர்வே ஆய்வாளர், அமெரிக்காவுக்குப் படிக்கப் போய் வந்த நோர்வேக்காரர்களைக் கேட்டு, அந்நிய ஊரில் மனம் முதலில் மேலே, பிறகு கீழே, திரும்ப மேலே என்று போவதாக எழுதினார். 1963 இல் கலஹோர்ன் தம்பதியர் அதை நீட்டி, சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகும் இன்னொரு இறக்கம் வருகிறது என்றார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அப்படியே நடக்கும் என்றில்லை. ஆனால் ஜூலையில் மருமகள் எனக்கு எடுத்து, "மாமி, இங்க எல்லாம் அப்பிடியேதான் இருக்கு. எனக்குத்தான் ஒண்டும் பிடிக்கேல்லை. லண்டன் கதை சொன்னால் சிநேகிதிகள் ரெண்டு நிமிசம் கேப்பினம், பிறகு வேற கதை" என்றபோது எனக்கு அந்த இரண்டாவது இறக்கம் விளங்கியது. அண்ணாவுக்கு அது திமிராகத் தெரிந்தது. "லண்டன் போய் வந்து மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறாள்" என்றார். கொஞ்ச நாள் விடுங்கோ அண்ணா என்றேன். கதை கேட்க ஒரு ஆள் கிடைத்தால் அது பாதி மாறும். அவளுக்கு அந்த ஆள் அம்மம்மாதான். ஞாயிறு தோறும் போய், மைல் எண்ட் கடைக்காரர் கதையிலிருந்து கால்வாயில் நீந்துகிற வாத்து வரைக்கும் சொல்லுகிறாளாம். அம்மம்மாவுக்கு மறதி கூடிவிட்டது, ஒவ்வொரு கிழமையும் புதிதாகக் கேட்கிறா.

புள்ளிகள் மாறி அவளுடைய பெறுபேற்றில் ஏற ஆகஸ்ட் முடிந்துவிட்டது. நடுவில் துறையிலிருந்து இரண்டு தரம் பாடத்திட்டம் கேட்டார்கள். என் மகள் பெயர் போட்டு வைத்த கோப்புகள் அப்போது கைகொடுத்தன.

உங்கள் பிள்ளை வருகிற தவணையில் எங்கேயாவது போவதாக இருந்தால், ரிக்கெற் போடுகிற நாளிலேயே ஒரு காரியம் செய்யுங்கோ. கடைசிச் சோதனைக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது ஒரு கிழமை விடுங்கோ. அண்ணா முதலில் பார்த்தது மே 31 விமானம், 90 பவுண்ட் மலிவு என்று. அதில் போயிருந்தால் கடதாசி வேலைகூட ஒருமாதிரி முடிந்திருக்கும். அந்த ஆறு பேரையும் பார்த்திருக்க மாட்டாள். அம்மம்மாவின் செய்தியை விமான நிலையத்தில்தான் கேட்டிருப்பாள். அந்த 90 பவுண்டை அம்மா தன் பென்சன் காசிலிருந்து எடுத்து, அண்ணா வேண்டாம் வேண்டாம் என்னச் சொல்லியும் கேளாமல், ஒரு கடித உறையில் போட்டு மருமகளின் கையில் கொடுத்து அனுப்பினா.